தவிசாளர் ஐயா, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குப்பை எரிப்பதை நிறுத்துங்கள்

எங்கள் பிரதேச சபைத் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

எந்தக் காணியைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பின்மதிலோடு ஒட்டிய அந்த வெறுங்காணியில் சபையின் உழவு இயந்திரம் கொட்டிய குப்பைக்கு, மழை விட்ட கையோடு, போன செவ்வாயும் நெருப்பு வைத்தார்கள். வாடைக்காற்று புகையை நேரே வகுப்புக்குள் கொண்டுவந்தது. முதல் பாடம் முடியும் முன்னமே என் மகளுக்கு முட்டு (ஆஸ்துமா இழுப்பு) வந்துவிட்டது, ரீச்சர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்.

முட்டு வந்த பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? மூச்சை இழுக்க இழுக்க விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போகும். "அம்மா, தண்ணி" என்று சொல்லவே நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டும். நெபுலைசர் பிடித்து வீட்டுக்கு வந்த பிறகும் அன்றிரவு அவளால் படுக்க முடியவில்லை, படுத்தால் இருமல் கூடுகிறது, அதனால் என் நெஞ்சில் சாய்ந்து இருந்தபடியே விடியும்வரை அரை நித்திரை. மருந்துப் பம்பை ஸ்பேசர் என்ற குழாயில் பூட்டி அடிக்க எட்டு வயதில் தானே பழகிவிட்டாள்.

2022 டிசம்பர் 9 அன்று காற்று கெட்டுப்போனதென்று நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அது கடல் கடந்து வந்த மாசு, யாராலும் மறிக்க முடியாது. இது சபையின் குப்பை, சபையின் நெருப்பு. பொலித்தீன், பிளாஸ்ரிக் உட்படக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. சட்டம் எங்களுக்கு மட்டுமா? உக்குவதையும் உக்காததையும் பிரித்து வைக்கச் சொன்னீர்கள், வைக்கிறோம், இரண்டும் ஒரே பெட்டியில் ஏறி ஒரே நெருப்பில் எரிகின்றன. சபைக்குக் கட்டும் வீட்டு வரியான சோலைவரி பிந்தினால் உடனே கடிதம் வருகிறது, பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்த முறைப்பாட்டுக்கு இன்னும் ஒரு வரிப் பதில் இல்லை. குப்பை அள்ளும் தொழிலாளர்களை நான் குறை சொல்லவில்லை, முகமூடி கூட இல்லாமல் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அவர்கள்தான்.

மன்னிக்க வேண்டும், எழுத எழுதக் கோபம் வருகிறது. கேட்பது ஒன்றுதான்: பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எரிப்பதை இந்தக் கிழமையே நிறுத்துங்கள். அங்கே கொட்டுவதை எப்போது நிறுத்துவீர்கள் என்று அதிபருக்கு எழுத்தில் தாருங்கள். தை பிறந்து மழை ஓய்ந்தால் குப்பை நன்றாகக் காய்ந்துவிடும், தயவுசெய்து அதற்கு முன்னம்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்புப் பிள்ளையின் தாய்,
யாழ்ப்பாணம்