2 சதவீத விஞ்ஞானிகள் செய்தி பத்தி ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உலகத்தோட தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் லிஸ்ட்ல நம்ம பக்கத்துப் பேராசிரியர்கள் பேர் வந்திருக்குன்னு வருஷா வருஷம் போட்டோவோட செய்தி போடுறீங்க, சந்தோஷம்தான், ஆனா அவங்க என்ன ஆராய்ச்சி பண்ணாங்கன்னு ஒரு வரி கூட அதுல இருக்கறதில்ல. 27 வருஷம் காலேஜ் லைப்ரரியில வேலை பார்த்தவன் நான், மனசு கேக்கல, எழுதுறேன்.

அந்த லிஸ்ட், ஸ்கோபஸ்ங்கற ஆராய்ச்சிக் கட்டுரை டேட்டாபேஸ வச்சு ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு போடுறது. ஒருத்தரோட பேப்பர, அதாவது ஆராய்ச்சிக் கட்டுரைய, மத்தவங்க எத்தனை தடவ மேற்கோள் காட்டியிருக்காங்கங்கறதுதான் அடிப்படை. ஏன் காட்டினாங்கன்னு அந்த நம்பர் சொல்லாது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சு போட்டு 1998ல லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல்ல வந்த பேப்பர் இருக்கே, 2010ல அத அந்த ஜர்னலே வாபஸ் வாங்கிடுச்சு, ஆனா அதுக்கும் ஆயிரக்கணக்குல மேற்கோள், பாதிக்கு மேல அது தப்புன்னு சொல்றதுக்காக காட்டினது.

இம்பாக்ட் ஃபேக்டர் கதையும் இதேதான், ஒரு ஜர்னல்ல முந்தின ரெண்டு வருஷத்துல வந்த கட்டுரைகள இந்த வருஷம் சராசரியா எத்தனை தடவ மேற்கோள் காட்டினாங்கங்கற கணக்கு அது. அமெரிக்காவுல யூஜின் கார்ஃபீல்டு 1964ல சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் கொண்டு வந்தப்போ, ஒரு விஷயத்த பத்தி யார் யார் எழுதியிருக்காங்கன்னு தேடிப் பிடிக்கத்தான் அது. எந்த ஜர்னல அதுல சேர்க்கறதுன்னு முடிவு பண்ண உதவியா வந்தது இம்பாக்ட் ஃபேக்டர், எங்கள மாதிரி லைப்ரரிக்காரங்களும் சந்தா கட்டறதுக்கு அத பாப்போம். ஆள எடை போடறதுக்கு வந்தது இல்லைங்க அது. ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ-ங்கற ஜர்னலுக்கு 2 கிட்ட இருந்த இம்பாக்ட் ஃபேக்டர் 2009ல 49ஐ தாண்டிச்சு, காரணம் படிகங்களோட அமைப்ப கண்டுபிடிக்கிற ஷெல்எக்ஸ் சாஃப்ட்வேர் பத்தி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதின ஒரே ஒரு பேப்பர், அது கணக்குல இருந்து போனதும் மறுபடி 2. அந்த ரெண்டு வருஷத்துல அதே ஜர்னல்ல எழுதின மத்தவங்க திடீர்னு பெரிய ஆள் ஆயிட்டாங்களா?

எங்க காலேஜ்ல ஒரு மேடம், பேப்பர் அனுப்பினா எங்க ஜர்னல்ல வந்த நாலு கட்டுரைய மேற்கோள்ல சேருங்கன்னு எடிட்டர்கிட்ட இருந்து மெயில் வந்துச்சு, படிச்சுப் பாத்தா நாலுக்கும் அவங்க சப்ஜெக்டுக்கும் சம்பந்தமே இல்ல. ப்ரமோஷன் நிக்குதேன்னு சேர்த்தாங்க, எங்கிட்ட சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு. இன்னொரு பக்கம் எங்க தமிழ்த்துறை ஐயா, கோயில் கோயிலா போயி கல்வெட்டு படிச்சு தமிழ்ல புத்தகம் எழுதினார், பிஎச்டி பண்ற பிள்ளைங்க கையில அந்த புத்தகம் கிழிஞ்சு நான் மூணு தடவ பைண்டிங் போட்டிருக்கேன், ஸ்கோபஸ்ல தேடினா அவர் பேரே வராது. மத்திய அரசு காலேஜுகளுக்குப் போடுற என்ஐஆர்எஃப் ரேங்குல ஆராய்ச்சிக்கும் ஸ்கோபஸ், அதே மாதிரி இன்னொரு டேட்டாபேஸான வெப் ஆஃப் சயின்ஸ் கணக்குதான்ங்கறதால மேனேஜ்மென்டும் அவர கண்டுக்கல.

அடுத்த தடவ அந்த செய்தி போடும்போது உங்க நிருபர் அந்த பேராசிரியர நேர்ல பாத்து, உங்க பேப்பர்ல என்ன சொல்லியிருக்கீங்க, அத யார் எதுக்கு எடுத்துக்கிட்டாங்கன்னு ரெண்டு கேள்வி கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்க ஐயா. ரேங்க் நம்பர் கடைசி வரியில வந்தா போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்