பினாங்கில் மூன்று நாள்: எங்கே, எப்போது சாப்பிடுவது

அன்புள்ள கயல்,

செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்து இறங்குவதிலிருந்து வெள்ளி மத்தியானம் வரை எனக்கு டூட்டி. பக்கத்திலேயே இருந்தும் கூட வர முடியவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் தடுமாறக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. சம்பந்தியம்மாவுக்கான பகுதியை மட்டும் தனியாகப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்.

உங்கள் ஹோட்டல் பத்து ஃபெரிங்கி கடற்கரையில். குளிக்க, மணலில் பிள்ளை விளையாட அது நல்ல இடம். சாப்பிட ஜார்ஜ் டவுனுக்குத்தான் வரவேண்டும். ஃபெர்ரி வந்து நிற்கிற ஜெட்டிக்கும், ஊர் நடுவில் உள்ள கொம்தார் கோபுரத்துக்கும் 101ஆம் நம்பர் பஸ் போகிறது. கடலோரமாக வளைந்து வளைந்து போகும் ஒரே ரோடு என்பதால் சாயங்காலம் வண்டிகள் தேங்கிவிடும். பசி எடுத்த பிறகு கிளம்பினால் குட்டி வழியிலேயே அழ ஆரம்பித்துவிடுவான். நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள். என்றாவது இரவு அலுப்பாக இருந்தால் பத்து ஃபெரிங்கியிலேயே லாங் பீச் என்று ஒரு திறந்தவெளி சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. அது போதும்.

இந்த ஊரில் ஒருவர் ஒரே பண்டத்தைத்தான் போடுவார். நூறு அயிட்டம் அச்சடித்த மெனு கார்டைக் கையில் கொடுக்கிற இடம் டூரிஸ்ட்டுக்கானது. ஒரு கோப்பி கடைக்குள் நாலைந்து தள்ளுவண்டி நிற்கும். கடைக்காரர் விற்பது காபி, டீ, ஜூஸ் மட்டும். வண்டிக்காரர்கள் அவருக்கு வாடகை கொடுத்து நிற்பவர்கள். அதனால் முதலில் மேஜையைப் பிடித்து அதன் நம்பரைப் பார்த்துக்கொள். பிறகு நீயே வண்டிக்குப் போய், வேண்டியதையும் மேஜை நம்பரையும் சொல்லிவிட்டு வா. தட்டு வரும்போது அவரவருக்குத் தனித்தனியாகக் காசு. குடிக்க என்ன வேண்டும் என்று கேட்க ஓர் ஆள் தானாக வருவார். ஒன்றுமே வாங்காமல் உட்கார்ந்தால் சில இடங்களில் சில்லறையாக ஒரு தொகை போடுவார்கள், அதற்காகச் சண்டைக்குப் போகாதே. பத்து, ஐந்து, ஒரு ரிங்கிட் நோட்டுகளாக வைத்துக்கொள். நூறு ரிங்கிட்டை நீட்டினால் வண்டிக்காரர் சில்லறைக்கு ஓட வேண்டியிருக்கும்.

டீ என்று மட்டும் சொன்னால் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி வாய் ஒட்டுகிற இனிப்பில் வரும். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இருப்பதால் "தே ஓ கோசோங்" என்று சொல்லச் சொல். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. உனக்கு "கூராங் மானிஸ்", இனிப்பு குறைவு. பார்சலுக்கு "பூங்குஸ்".

முதல் நாள் மத்தியானம் நாசி கண்டார். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் கம்பின் ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் கறியையும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாக விற்றது இது. கேம்பல் தெருவில் ஹமீதியா 1907லிருந்து நடக்கிறது. அங்கே முர்தபாவும், அதாவது உள்ளே கறியும் முட்டையும் வைத்து மடித்துச் சுட்ட ரொட்டி, வாங்கிப் பார். வரிசையில் நின்றதும் சோறு வைப்பார்கள். நீ மீனோ கோழியோ கையால் காட்ட வேண்டும். அடுத்து அவர் கரண்டி ஐந்தாறு சட்டியில் மாறி மாறி இறங்கும். ஒரு கரண்டி மீன் குழம்பு, ஒன்று கோழி, ஒன்று கறுப்பாகச் சோயா வாசத்தோடு, எல்லாம் ஒரே சோற்றின் மேல். இதன் ருசியே அந்தக் கலவைதான். அந்தச் சட்டிகளில் ஒன்று மாட்டுக்கறிக் குழம்பாக இருக்கும், அதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மாட்டுக்கறியை நீ கேட்காவிட்டாலும் அதன் குழம்பு தட்டில் விழுந்துவிடும். "டாகிங்" என்றால் அது. கரண்டி தூக்குவதற்கு முன்பே "குவா டாகிங் தாக் மாவ்" என்று சொல்லிவிடு. பல கடைகளில் தமிழிலேயே சொல்லலாம், நம் பக்கத்து ஆட்கள் நிறைய.

விலை தட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள். கோழியும் வெண்டைக்காயும் என்றால் பயமில்லை. கை நீள இறால், கணவாய் முட்டை, மீன் தலை இவை ஏறினால் தட்டின் விலையே இரண்டு மூன்று மடங்காகிவிடும். காட்டும்போதே "பெராப்பா?" என்று கேள். கேட்பது இங்கே மரியாதைக் குறைவு இல்லை.

இரவில் சார் கோய்த்தியாவ். அரிசியில் செய்த தட்டை நூடுல்ஸை இரும்பு வாணலியில் பெருந்தீயில் புரட்டுவது. நல்ல வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், அவர் ஒரு தட்டுக்கு ஒரு தடவை வறுக்கிறாரா என்று இரண்டு நிமிஷம் நின்று பார். எண்ணெயில் பூண்டு, அதன் மேல் நூடுல்ஸ், சோயா, மிளகாய் விழுது. அதை ஓரம் தள்ளி முட்டையை உடைத்து, இறால், முளைப்பயறு, கடைசியில் சிப்பியும் சீன வெங்காயத்தாளும். இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கூட்டம் சேர்ந்ததும் மூன்று தட்டை ஒன்றாகப் போட்டால் வாணலியின் சூடு இறங்கி, முளைப்பயறு தண்ணீர் விட்டு, நூடுல்ஸ் வறுபடாமல் வெந்து கூழாகிவிடும். புகை வாசம் வராது. சிப்பியை அரைகுறையாகத்தான் வேக வைப்பார்கள். உன் உடம்பு இப்போது இருக்கிற நிலையில் அது வேண்டவே வேண்டாம். "தாக் மாவ் கெராங்" என்று சொல். சீனர் வண்டியில் பன்றிக் கொழுப்பில் வறுப்பது வழக்கம். அது ஆகாதென்றால் ஹலால் போர்டு உள்ள வண்டியைத் தேடு. நியூ லேன், கிம்பர்லி தெரு, கர்னி டிரைவ் மூன்றும் இருட்டினால்தான் களைகட்டும். நல்ல சாப்பாட்டுக் கடைகளைப் பட்டியல் போடுகிற மிஷலின் புத்தகம் 2022 டிசம்பரில் இந்த ஊருக்கு வந்த பிறகு சில வண்டிகளுக்கு ஒரு மணி நேர வரிசை. பிள்ளையை வைத்துக்கொண்டு அதில் நிற்க வேண்டாம், நாலு வண்டி தள்ளி இருக்கிறவரும் நன்றாகவே வறுப்பார்.

ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி என்கிற சீன பௌத்தக் கோயிலுக்குப் போகிற அன்று சந்தைப் பக்கம் லக்சா சாப்பிடுங்கள். தேங்காய்ப்பால் இல்லாத புளி லக்சா. கானாங்கெளுத்தி மாதிரியான மீனை வேக வைத்து உதிர்த்த குழம்பு, தடித்த அரிசி நூடுல்ஸ், அன்னாசி, வெள்ளரி, புதினா, இஞ்சிப் பூ. கூடவே கரண்டியில் கறுப்பாகப் பிசின் போல ஒன்று வரும், இறால் விழுது. மொத்தத்தையும் கலக்காமல் பாதியைக் கரைத்து ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேர். மொத்தமாகக் கலந்தால் உப்பும் இனிப்பும் புளியை அமுக்கிவிடும். வெயிலில் அலைந்தபின் பினாங்கு ரோட்டிலிருந்து பிரிகிற கெங் க்வீ சந்தில் செண்டோல், தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஊற்றிய ஐஸ் இனிப்பு. நின்றபடியே சாப்பிட வேண்டியதுதான்.

சம்பந்தியம்மாவுக்கு.

"சாயூர்" என்றால் காய்கறி என்றுதான் அர்த்தம், சைவம் என்று இல்லை. கீரையை வதக்கும்போதே பெலாச்சான், அதாவது இறாலைப் புளிக்க வைத்த விழுது, உள்ளே போய்விடும். கருவாட்டு இறாலைப் பொடித்தும் போடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. ரொட்டி சானாயும் (நம் பரோட்டா மாதிரி) பருப்பும் பத்திரம் என்று நினைத்துவிடாதே. மமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், பருப்புக் குழம்பில் ஆட்டெலும்போ மாட்டெலும்போ போட்டுக் கொதிக்க வைப்பது சகஜம். ரொட்டி மாவிலும் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. பசெம்பூர் என்கிற சாலட்டில் மேலே தெரிவது வெள்ளரியும் டோஃபுவும்தான், அதோடு வெட்டிப் போடுகிற வடையில் இறால் இருக்கும். ஆகவே அவருக்கு இரண்டே வழி. ஒன்று, மார்க்கெட் தெரு, குயின் தெரு பக்கம் லிட்டில் இந்தியாவில் உள்ள சைவக் கடைகள். மாரியம்மன் கோயில் தரிசனம் முடித்து நடந்தே போய்விடலாம். இலைச் சாப்பாடு மத்தியானம் மட்டும். இன்னொன்று, சீன பௌத்தர்களின் சைவக் கடை. "சியா சாய்" என்று கேட்டால் ஊர்க்காரர்கள் வழி காட்டுவார்கள். அங்கே பெரும்பாலும் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. கோழி, மீன் மாதிரியே வடிவம் பிடித்து வைத்திருப்பதைப் பார்த்து அவர் மிரளக் கூடாது, எல்லாம் சோயாவும் கோதுமையும். முட்டை இருக்கிறதா என்பதை மட்டும் "அடா தெலூர்?" என்று கேட்டுக்கொள். சீன மாதக் கணக்கில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கூட்டம் அதிகம், பன்னிரண்டு மணிக்கு முன் போனால் தட்டுகள் நிறைந்திருக்கும்.

குட்டிக்குக் காலையில் கோப்பி கடையிலேயே ரொட்டி பாக்கார், அதாவது வாட்டிய ரொட்டி, மேலே தேங்காய்ப்பாலும் முட்டையும் காய்ச்சிய காயா ஜாம். அரை வேக்காட்டு முட்டை அவனுக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

டுரியான் இந்த மாதம் நன்றாக இருக்கும். இந்தத் தீவிலேயே பாலிக் பூலாவ் பக்கம் விளைந்த பழம்தானா என்று கேள். எடை ஓட்டோடு சேர்த்து என்பதால் பிளப்பதற்கு முன்பே விலை பேசிவிடு. பிளந்ததும் சுளையைத் தொட்டுப் பார், தண்ணியாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம், சாப்பிட ஆரம்பித்தபின் சொல்ல முடியாது. இனிப்பு ரகத்தை முதலிலும் கசப்பு ரகத்தைக் கடைசியிலும் சாப்பிட வேண்டும். ஹோட்டல் அறைக்கு மட்டும் கொண்டு போகாதே, அபராதம் போடுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை தொழுகைக்காகப் பல முஸ்லிம் கடைகள் பூட்டியிருக்கும். அன்றைக்கு லிட்டில் இந்தியாவில் பன்னிரண்டரைக்கே சாப்பிட்டுவிடுங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்து நாலு மணிக்கு ஜெட்டி வாசலில் நிற்பேன். இரவுச் சாப்பாடு என்னோடு.

அன்புடன்,
அப்பா