மல்லிகாவுக்கு, பூனை விஷயமாக

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். அத்தைக்கு இடுப்பு வலி தேவலையா? எனக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டேன்.

மகளுக்குப் பிரசவம் பார்த்த கையோடு கொல்லைப்புறப் பூனைக்கும் பார்க்க வேண்டியதாகிவிட்டது என்று எழுதியிருந்தாய், சிரித்துவிட்டேன். ஆனால் நாலு குட்டி என்பது சிரிக்கிற விஷயமில்லை. பூனைக்குச் சினைக்காலம் இரண்டு மாதம்தான். பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்பிடிக்கும். குட்டிகளும் நாலைந்து மாதத்திலேயே தயாராகிவிடும். அதனால் குட்டிகள் சோறு தின்னப் பழகியதும் தாயைக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விடு, தள்ளிப் போடாதே.

உன் எதிர்வீட்டு அம்மா சொன்ன மாதிரி சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவர வேண்டாம். பூனைக்கு அது கஷ்டம் என்பது ஒரு பக்கம். இன்னொன்று, காலியான இடத்துக்கு வேறொரு பெட்டை வந்து உட்காரும். குட்டி தங்காமல் இருக்க ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதே. மலிவுதான், ஆனால் அந்த ஹார்மோன் மருந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும், மடியில் கட்டி வரும். பிறகு அதற்கு ஆகிற செலவில் பத்துப் பூனைக்கு ஆபரேஷன் பண்ணலாம்.

இங்கே சென்னையில் ஒரு தனியார் கிளினிக்கில் கேட்டபோது சொன்ன தொகையில் எனக்குத் தலை சுற்றியது. தெருப்பூனை என்று சொன்ன பிறகும் குறைக்கவில்லை. அப்புறம்தான் வேப்பேரிக்குப் போனேன். 1903-இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரி, புரசைவாக்கத்துக்குப் பக்கத்தில்தான். காலையிலேயே போய்ச் சீட்டு போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆட்டுக்குட்டியும் கிளியும் லாப்ரடாரும் ஒரே வரிசையில் நிற்கும். படிக்கிற பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள், பேராசிரியர் கூடவே இருப்பார். தனியாரில் கேட்டதோடு ஒப்பிட்டால் செலவு மிகக் கம்மி.

உனக்கு இவ்வளவு தூரம் வரவேண்டிய வேலையே இல்லை. உங்கள் திருநெல்வேலி ராமையன்பட்டியிலேயே கால்நடைக் கல்லூரி இருக்கிறதே! முதலில் பூனையில்லாமல் நீ மட்டும் போய், எந்தக் கிழமை ஆபரேஷன், மருந்தை வெளியே வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள். அங்கே நாள் தள்ளிப்போனால் அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரி. மாநகராட்சியை நம்பாதே, அவர்கள் வண்டி பெரும்பாலும் நாய்க்குத்தான் வரும். எங்கள் தெருவில் சோறு வைக்கிற நாலு வீடும் பங்கு போட்டுக்கொண்டோம். கேட்டால் கொடுக்கிறார்கள், நாம்தான் கூச்சப்படுகிறோம். காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் பெட்டைக்குச் செய். கடுவனுக்குச் சின்ன ஆபரேஷன்தான், செலவும் குறைவு, ஆனால் ஒரு கடுவனை நிறுத்தினால் பக்கத்துத் தெருக் கடுவன் வந்துவிடும்.

பிடிப்பதுதான் பெரும்பாடு. கூண்டைச் சும்மா திறந்துவைத்து, சில நாள் அதற்குள்ளேயே சோறு வை. ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி கூண்டுக்குள் மீனை வைத்துப் பிடித்துவிடு. அதற்குப் பிறகு எதுவும் கொடுக்காதே, மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்று டாக்டர் சொல்வார். ஆட்டோவில் ஏற்றும்போது கூண்டின் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்திவிடு, கத்தல் பாதி அடங்கிவிடும். காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொல். அது அடையாளம், பிறகு வேறு யாரும் பிடித்துக்கொண்டு போய் மறுபடி வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். வெறிநாய்க்கடி ஊசியும் அன்றைக்கே போட்டுவிடு.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் வைத்திரு. எங்கள் சாம்பல் பூனை தையலை நக்கிக்கொண்டே இருந்தது. பேரனின் பழைய பனியனில் காலுக்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டேன், என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! வலிக்குமே என்று நீயாகப் பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதே. நமக்குச் சாதாரண மாத்திரை, பூனைக்கு ஒன்றே உயிரை எடுத்துவிடும்.

கூண்டு கிடைக்காவிட்டால் சொல். பெரியவன் அடுத்த மாதம் குற்றாலம் வருகிறான், என்னுடையதைக் கொடுத்தனுப்புகிறேன். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடு, இங்கே மூணாவது வீட்டில் ஒன்று வயிறு தள்ளிக்கொண்டு திரிகிறது.

அன்புடன்,
வசந்தா