ஞாயிறு கூட்டம்: புது இடைநிலைப்பள்ளி மனு

வணக்கம் உறவுகளே. நம் தோட்டப் பக்கம் புது இடைநிலைப்பள்ளி கேட்டு மனு கொடுப்பதா என்று பேச, ஞாயிறு காலை 10 மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். அம்மாமார்கள் கட்டாயம் வாருங்கள். விடியுமுன் எழுந்து பிள்ளையை வேனில் ஏற்றிவிடுவது நீங்கள்தான்.

நேற்று குழுவில் இரண்டு விஷயம் கலந்துவிட்டது. சிலர் கேட்பது தமிழ் இடைநிலைப்பள்ளி, மற்றவர்கள் கேட்பது பக்கத்திலேயே ஒரு தேசிய இடைநிலைப்பள்ளி. மலேசியாவில் 500க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும் எல்லாம் 6ஆம் ஆண்டோடு முடிகின்றன. தேசிய இடைநிலைப்பள்ளியில் பயிற்றுமொழி மலாய். ஆனால் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ்ப் பாடம் நடத்த 1996 கல்விச் சட்டம் இடம் தருகிறது. அதை இப்போதே கேட்கலாம், புதுக் கட்டடத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

"நிபோங் திபால் ஊரில் இருக்கிற பள்ளிகள் போதும், பஸ் கேளுங்கள்" என்று பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பிள்ளைகள் குறைந்தால் புதுப் பள்ளி காலியாகத்தான் நிற்கும். இருந்தாலும் என் மனம் புதுப் பள்ளி பக்கமே. மதியம் வேன் கிளம்பிவிடும் என்று விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாட நடவடிக்கையை விட்டுவிட்டு ஓடிவரும் பெண்பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரி, ஒரே வேண்டுகோள். அடுத்த மூன்று ஆண்டில் படிவம் 1க்கு (இடைநிலைப்பள்ளி முதல் வகுப்பு) போகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று சனிக்கிழமைக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். எண்ணிக்கை கையில் இல்லாமல் மனு எழுத முடியாது.