பஃப் சக்கரம் தின்ற பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்குகிறது. வீட்டிலுள்ள பித்தளைச் சாமான்களெல்லாம் கட்டிலடியிலிருந்தும் பாம் ஷெல்டரிலிருந்தும் வெளியே வந்து குளிக்கும் சமயம். அதற்குள் இந்தக் கடிதம் அச்சேறிவிட்டால் நல்லது. நான் இங்கே சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன். உலோகத்தைத் தேய்த்தே சம்பளம் வாங்கியவன்தான் இப்போது "கொஞ்சம் தேய்க்காமல் இருங்கள்" என்று கேட்க வந்திருக்கிறேன்.

விஷயம் ஒரு பழைய பிஸ்டலில் தொடங்குகிறது. பதற வேண்டாம், அது இங்கே இல்லை. டெக்சஸில், ஹூஸ்டனுக்கு அருகே வசிக்கும் என் அக்கா மகனிடம் இருக்கிறது. கணினி வேலை பார்க்கிறவன். பழைய கைத்துப்பாக்கிகளைப் பிரித்துச் சீர்செய்வது அவனுக்குப் பொழுதுபோக்கு. நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்கை நினைத்துப் பார்க்கவே முடியாது. 1973 ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, ஆளைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டாலே மரண தண்டனை. எனக்குத் துப்பாக்கிப் பழக்கம் என்பது தேசிய சேவையில் எம்16ஐத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஆர்ம்ஸ்கோட் எனும் ஆயுத அறையில் எண் சரிபார்த்து ஒப்படைத்ததோடு சரி. சட்டம் இப்படி இருப்பதில் எனக்கு நிம்மதிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அவன் வீட்டில் ஆறு வாரம் தங்கினேன். அப்போது அவன் கையில் இருந்தது கோல்ட் (Colt) துப்பாக்கிக் கம்பெனி 1918இல் செய்த எம்1911 பிஸ்டல். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட மாடல். யாரோ அதற்கு முன்பே குரோமியம் பூசி, அதுவும் பாதி உரிந்து, அடியில் துரு குழி குழியாக அரித்திருந்தது. "அதனால்தான் மாமா இதை வாங்கினேன்" என்றான். "அசல் மேற்பூச்சு கெடாமல் இருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன்."

எனக்கு அப்போது புரியவில்லை. அவனே விளக்கினான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்த மாடலைப் பல கம்பெனிகள் செய்தன. டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்டும் செய்தது. தையல் மிஷின் செய்யும் சிங்கரும் செய்தது, ஆனால் வெறும் 500 தான். (எங்கள் வீட்டில் அம்மா கடைசிவரை மிதித்த அதே சிங்கர்!) நல்ல நிலையில் உள்ள ஒரு சிங்கர் பிஸ்டலுக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் உண்டாம். அதையே ஒருவர் ஆசையாகத் தேய்த்துப் புதுநிறம் ஏற்றிவிட்டால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். தேய்ந்த நிறம், உறையில் உரசிய தடம், சிப்பாயின் கைவியர்வை பட்ட இடம் எல்லாமே சரித்திரம் என்பது அவர்கள் கணக்கு. ஏற்கெனவே கெட்டுப்போனதில் மட்டும்தான் கை வைக்கலாம்.

வேலையில் எனக்கும் பங்கு கிடைத்தது, ஆனால் மரத்தில் மட்டும். சுற்றுலா விசாவில் போனவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க அங்கே சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. அதனால் வால்நட் கைப்பிடித் தகடுகள் இரண்டையும் என்னிடம் தந்துவிட்டான். திருகு வரும் துளைகளைச் சுற்றி டயமண்ட் வடிவம், மீதி இடமெல்லாம் கட்டம் கட்டமாகக் கீறல். கீறலுக்குள் இறுகிக் கிடந்த நூறு வருட அழுக்கைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்து, ஆளிவிதை எண்ணெயை விரலில் தொட்டுத் தொட்டு ஏற்றினேன். நான்கு நாள் ஆனது.

மற்ற வேலைக்கு நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாய் மட்டும் கொடுத்தேன். குரோமியத்தை உரித்த பிறகு அவன் நேராக பஃப் சக்கரத்துக்கு, அதாவது பாலிஷ் போடச் சுழலும் துணிச்சக்கரத்துக்கு, போனான். நான் கத்தியே விட்டேன். ஃபிட்டர் வேலை பார்த்த எவனும் கத்தியிருப்பான். துணிச்சக்கரம் மெத்தென்று இருப்பதால் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே தின்னும். கூர் விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி வழிந்துவிடும், துளையின் வாய் கிண்ணம் மாதிரி குழிந்துவிடும், வெட்டிய எழுத்தின் ஓரம் மழுங்கும். அந்த பிஸ்டலின் பக்கவாட்டில் கோல்ட் கம்பெனியின் தாவும் குதிரை, காப்புரிமைத் தேதிகள், அமெரிக்க அரசின் சொத்து என்ற வாசகம் எல்லாம் இருந்தன. தட்டையான அரத்தில் எமரி பேப்பரைச் சுற்றி, 220, 320, 400 என்று படிப்படியாக நயமான தாளுக்கு ஏறி, ஒரே திசையில் கையாலேயே இழுக்கச் சொன்னேன். எழுத்து இருக்கும் இடத்தில் துருக்குழி இருந்தால் அப்படியே விடச் சொன்னேன். முனகினான், ஆனால் கேட்டான். வரிசை எண் பக்கம் நான் சொல்லும் முன்பே அவன் போகவில்லை. அதை அழிப்பது அங்கே மத்திய அரசின் சட்டப்படி குற்றம்.

அப்புறம் நிறம் ஏற்றியதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரும்பில் துளி எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவி, வெறும் விரல் படாமல் பருத்திக் கையுறை போட்டு, துருப்பிடிக்க வைக்கும் திரவத்தை மெலிதாக ஒரு தடவை பூசுவான். வெந்நீர்த் தட்டு வைத்த பெட்டிக்குள் சில மணி நேரம் தொங்கவிட்டால் செங்கல் நிறத்தில் துரு பூக்கும். அதைக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவிட்டால் கண்ணெதிரே கறுப்பாகும். செந்துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான், கறுப்பும் அதுவேதான், சேரும் விகிதம் மட்டும் வேறு. மேலே நிற்கும் தூளை மெல்லிய ஸ்டீல் வுல்லால் துடைத்துவிட்டு மறுபடி பூச்சு. ஆறு சுற்று ஆனதும் இரவு முழுக்க எண்ணெயில் ஊறவிட்டான். காலையில் பார்த்தால் மழைக்கால இரவு வானத்தின் கருநீலம். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அந்தப் பெட்டியே தேவைப்படாது என்று சொல்லிச் சிரித்தோம். நாள்பட்ட தோசைக்கல்லும் இப்படிக் கறுப்பதுதான் அதன் அழகு, அதை யாரும் வெளுக்கத் தேய்ப்பதில்லை.

இதெல்லாம் படித்துவிட்டு ஊர் திரும்பினேன். சென்ற ஆண்டு மகனின் புதுவீட்டுப் பால்காய்ச்சலுக்கு, 1949இல் இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் என் அப்பாயி கொண்டுவந்த பித்தளைச் சொம்பை எடுத்துவைக்கலாம் என்று வீட்டம்மா சொன்னார். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க எங்கள் குவார்ட்டர்ஸ் அடுப்படியில் இருந்த சொம்பு. கழுத்துக்குக் கீழே அப்பாயி பேரும் ஊர்ப்பேரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்களே, அந்த எழுத்து. மகன் நல்லெண்ணத்தோடு அதை ஒரு கடையில் பாலிஷ் போடக் கொடுத்தான். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, கேட்ட வேலையைத்தான் அவர்கள் செய்தார்கள். சொம்பு தங்கம் மாதிரி வந்தது. பேர் இல்லை.

துப்பாக்கியின் வரிசை எண்ணை அழித்தால் ஓர் ஊரில் சிறை. அப்பாயி பேரை அழிக்க நாம் கூலி கொடுத்து ரசீதும் வாங்கி வந்திருக்கிறோம்.

தினமும் ஏற்றும் குத்துவிளக்கைப் பற்றி நான் பேசவில்லை. அதைப் புளி போட்டுத் தாராளமாகத் தேய்க்கலாம், புளி எழுத்தைத் தின்னாது. என் கவலை, வருடக்கணக்கில் சும்மா கிடந்து திடீரென்று ஒரு நாள் வெளியே எடுக்கும் சாமான்கள் பற்றியது. பேர் வெட்டிய அண்டா, வெற்றிலைப் பெட்டி, தாத்தாவின் வேலையிட அடையாள வில்லை, பழைய தராசு. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடும்வரை ஞாயிறு தவறாமல் அங்கே சுற்றியவன் நான். பிராசோ பாலிஷ் போட்டு மின்னியவற்றைவிட அழுக்கோடு இருந்தவற்றைத்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கையில் எடுத்தார்கள்.

பாலிஷ் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சக்கரத்தை ஓட்டும் முன் சொம்பை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், எழுத்து இருந்தால் கொண்டுவந்தவரிடம் கேளுங்கள். வாசகர்கள் பொருளைக் கொடுக்கும் முன் எழுத்தையும் முத்திரையையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் போன்ற இடங்களுக்குத் தர நினைப்பவர்கள், முதலில் பொருளை உள்ளபடியே காட்டிவிட்டு, துடைப்பதா வேண்டாமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் சொம்பில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் 'செ' என்ற முதல் எழுத்தின் நான்கைந்து புள்ளிகள் இன்னும் தெரிகின்றன. மறுபடி வெட்டித் தருகிறேன் என்று மகன் சொல்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
ஈசூன்.