ஆரையம்பதிக்கும் கல்லடிக்கும் ஒரு நன்றி மடல்

அன்பான ஊரவர்களுக்கும் என் ஆசிரியர்களுக்கும்,

நம் ஊரில் வைத்து எடுத்த, நான் நடித்த தொலைக்காட்சித் தொடர் கடந்த வாரம் நிறைவுக்கு வந்தது. கடைசிப் பகுதி ஒளிபரப்பான இரவே நிறையப் பேர் தொலைபேசியில் வாழ்த்தினீர்கள். அந்த வாழ்த்தை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. யார் யாருக்கு அதில் பங்கு இருக்கிறதோ, அவர்களுக்காக இந்த மடல்.

முதல் வணக்கம் கல்லடியில் எனக்கு நடனம் பழக்கிய ரீச்சருக்கு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் வந்து அவருடைய வீட்டையும் வகுப்பையும் சேர்த்துக் கொண்டுபோனது. நான் அப்போது சின்னப் பிள்ளை, பரதத்தின் முதல் அடவுகளில் தட்டடவு முடித்து நாட்டடவுக்கு வந்திருந்தேன். தை மாதம் முடிய முன்பே, மட்டக்களப்பு நகரத்துக்குள் ஓர் உறவினர் வீட்டு விறாந்தையில் ரீச்சர் வகுப்பைத் திரும்பத் தொடங்கினார். தட்டுக்கழி இல்லை. அகப்பைக் காம்பால் கதிரைக் காலில் தட்டித் தாளம் சொன்னார். முழங்காலை மடித்துத் தாழ்ந்து நிற்கும் அரைமண்டி கொஞ்சம் உயர்ந்தாலும் காம்பு நின்றுவிடும். திரும்பத் தாழ்ந்தால்தான் அடுத்த தட்டு. எங்கள் பெற்றோரில் பலருக்குத் தொழில் போயிருந்த காலம் அது. ரீச்சர் யாரிடமும் காசு கேட்கவில்லை. அந்த வகுப்பு நின்றிருந்தால் நான் இன்றைக்கு நடிகை இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

அடுத்தவர் எனக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். பரதம் ஆடுகிறவள் வாய் திறப்பதில்லை. பாட்டு பக்கத்தில் இருந்து பாடுகிறவருடையது. வசனம் பேச வந்தபோது என் குரல் தொண்டையைத் தாண்டவில்லை. கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே கட்டி ஆடி வந்த மண் நம்முடையது. "பொம்பிளப் பிள்ளைக்குக் களரியில என்ன வேலை" என்று கேட்டவர்களிடம், "தாளம் பிழைக்காம ஆடினாச் சரி" என்ற ஒரு பேச்சோடு முடித்துவிட்டு, எனக்கும் வடமோடிக் கூத்தில் ஒரு பாத்திரம் தந்து, அதன் பாட்டும் வசனமும் எழுதிய சட்டத்தைக் கொடுத்தார். பழகும்போது மத்தளத்தை நிறுத்திவிட்டு வளவின் அடுத்த தொங்கலுக்குப் போய் நிற்பார். அங்கே கேட்கும்வரை அதே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கத்தினால் ஏசுவார். கத்தாமல் எட்ட வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை படிப்பவர்களின் பக்கத்தில் போய் இருந்து கேட்கச் சொன்னவரும் அவர்தான். நீதி கேட்கிற பெண்ணின் கோபம் எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் அடங்குகிறது என்று அங்கேதான் கேட்டுப் படித்தேன்.

சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்து விரிவுரையாளர்களுக்கும் என் நன்றி. காரைதீவில் பிறந்த சுவாமிகள் 1926இலேயே நாடகத்துக்கென்று 'மதங்க சூளாமணி' எழுதியவர். அவர் பெயரில் நடக்கும் இடத்தில் ஆடலையும் நடிப்பையும் ஒன்றாகவே படித்தேன். அது வாய்த்தது என் நல்ல காலம்.

அப்புறம், கொழும்பு. இரவுக் கோச்சியில், அதாவது ரயிலில், போய் இறங்கும் பிள்ளையை வெள்ளவத்தை வீட்டில் தங்க வைத்து, எந்த நேரம் வந்தாலும் சோறு போட்ட சாச்சிக்குக் கடன்பட்டிருக்கிறேன். மாலை நேரங்களை இந்தியத் தொடர்கள் நிறைத்திருக்கும் நாட்டில் நம் தமிழ்த் தொடர்களுக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம், காசு அதிலும் கொஞ்சம். நடன வகுப்பு எடுத்துத்தான் மாதத்தை ஓட்டினேன்.

என் முதல் தொடரின் ஒளிப்பதிவாளர் அண்ணனை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். மேடையில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று பழகிய முகம் என்னுடையது. கமரா ஒரு முழத் தூரத்தில் நிற்கிறது. அண்ணன் என்னைக் கூப்பிட்டு, எடுத்ததைப் போட்டுக் காட்டினார். சோகமான காட்சியில் என் புருவம் தனியாக ஆடிக்கொண்டிருந்தது! "இதில பாதி வேணாம் தங்கச்சி, கண்ணை மட்டும் வையுங்க" என்றார். அன்றிரவு ரீச்சரிடம் கதைத்தேன். "அபிநயம் பிடிக்கிற பதத்தில கடைசி வரி முடிஞ்ச பிறகு, கை இறங்கினாலும் அந்த முகம் கொஞ்சம் நிக்கும்தானே, அதைக் குடு" என்றார். அடுத்த நாள் அதைத்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடனம் எனக்குப் பாரமாக இருக்கவில்லை. தரையில் ஒட்டிய அடையாளத்தைக் குனிந்து பார்க்காமல், மனதுக்குள் தாளம் எண்ணி அதே இடத்தில் வந்து நிற்பேன். திரும்ப எடுத்தாலும் எந்தச் சொல்லில் கை உயர்ந்ததோ அதே சொல்லில் உயரும். படத்தொகுப்பில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு உதவி என்று அவர்களே சொன்னார்கள்.

இந்தத் தொடர் ஊருக்கு வந்தபோது நீங்கள் செய்தவற்றை எப்படி மறப்பது? ஒலிப்பதிவு நடக்கும் நேரத்தில் மில்லை நிறுத்தி வைத்த ஐயா, வாவியில் இயந்திரத்தை அணைத்துவிட்டு வலித்துக்கொண்டு போன தோணிக்காரத் தம்பிமார், கோயில் ஒலிபெருக்கியைத் தணித்த பரிபாலன சபையினர், குசினியையே எங்களுக்கு விட்டுத் தந்துவிட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டிய பெரியம்மா, துணிக்குக் காசைப் பிறகு பார்ப்போம் என்று சொன்ன காத்தான்குடிக் கடை நானா, எல்லோருக்கும் நன்றி. நம் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும் என்று விட்ட இயக்குநருக்கும் நன்றி. "மறுகா என்னகா", அதாவது பிறகு என்ன, என்று நான் கேட்ட காட்சியைத்தான் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்தில் நடித்துக் காட்டுகிறார்களாம்.

அம்மா, அப்பா. "டிவியில ஆடுற பிள்ளையை ஆர் எடுப்பான்" என்று வாசலில் வந்து நின்று கேட்டவர்கள் உண்டு. அப்பா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, என்னைச் சைக்கிளில் ஏற்றி வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டார். அதற்கு ஈடாக என்னிடம் எதுவும் இல்லை.

படப்பிடிப்புக்காக மாமிமாரிடம் வாங்கிய சேலைகளைக் கழுவி மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்கு வரும்போது ஒவ்வொரு வீடாக வந்து தருவேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பிள்ளை