நீவாடு பார்த்து இறங்கும் படகு

அன்புள்ள அந்தோணிக்கு,

உன் கடிதம் நான் ஊரில் இல்லாதபோது வந்து, பக்கத்து வீட்டில் பத்திரமாக இருந்தது. பேத்திக்குப் பல் முளைத்ததும், மதினிக்கு முட்டி வலி தணிந்திருப்பதும் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. மொட்டைமாடி ஒழுகலுக்கு மறுபடியும் அதே கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறாய் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. சரி, உன் பாடு, அவர் பாடு.

நான் மாலத்தீவுக்கு டைவிங் போய்வந்ததைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "எங்கப்பா வயித்துப்பாட்டுக்குக் கடலுக்குள்ள இறங்குனாரு. நீ கைக்காசைப் போட்டு இறங்குதியே, அங்க என்னதான்லே இருக்கு?" நியாயமான கேள்வி. என் வீட்டிலும் இதைத்தான் கேட்கிறார்கள், இன்னும் கொஞ்சம் காரமாக.

மாலத்தீவு நமக்கு ஒன்றும் தூரதேசம் இல்லை. தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு தோணிகள் போகிற ஊர்தானே. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலேயில் இறங்கிவிடலாம். கரையில் விடுதி எடுத்துத் தங்கினால் அந்தத் தீவைச் சுற்றி இருக்கிற இடங்களில்தான் இறங்க முடியும். அதனால்தான் படகிலேயே தங்கி, தீவுக்கூட்டம் தீவுக்கூட்டமாகப் போகிற பயணம். பெரும்பாலும் ஏழு இரவு. பெரிய படகில் சாப்பாடு, தூக்கம். கூடவே ஒரு தோணி பின்னாலேயே வரும். சிலிண்டர், காற்று அடைக்கிற கம்ப்ரசர், ஈரத்துணி, நாற்றம் எல்லாம் அந்தத் தோணியோடு சரி. முதல் நாள், காற்று ஏற்றி மிதக்கிற உன் ஜாக்கெட்டையும் மூச்சு விடுகிற ரெகுலேட்டரையும் ஒரு சிலிண்டரில் மாட்டிவிட்டால் கடைசி நாள் வரை அது அங்கேயே நிற்கும். ஒவ்வொரு முறை ஏறி வந்ததும் பையன்கள் குழாயை இழுத்துவந்து இருந்த இடத்திலேயே காற்று நிரப்பிவிடுவார்கள். ராத்திரியில் படகு நகராது. பார்கள், அதாவது பவளத் திட்டுகள், எங்கே தலை தூக்கி நிற்கும் என்பது இருட்டில் தெரியாதே. ஏதாவது ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டுவிட்டு, பகலில் இரண்டு டைவுக்கு நடுவே நாம் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள்.

விடிவதற்கு முன்னால் மணி அடித்து எழுப்புவார்கள். ஒரு பிஸ்கட், ஒரு தேநீர். வெள்ளைப் பலகையில் பாரின் படம் வரைந்து, எங்கே இறங்குவது, எங்கே பிடித்து நிற்பது என்று விளக்கம். பிறகு தோணியில் ஏறி அந்த இடத்துக்குப் போனதும் வழிகாட்டி மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் குதிப்பார். தலையை நீருக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பார். ஏறி வந்து, "திட்டம் மாறுது" என்பார். பலகையில் வரைந்ததெல்லாம் அதோடு போயிற்று.

அவர் பார்ப்பது நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம். இந்தப் பயணம் முழுக்க எனக்கு உங்கப்பா நினைப்பாகவே இருந்ததற்கு அதுதான் காரணம். கரையில் நின்றபடியே "இன்னைக்கு நீவாடு சரியில்ல, சங்கு கிடைக்காது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பாரே, அப்போது நாம் அதை அவருடைய சோம்பலுக்குச் சாக்கு என்று சிரித்திருக்கிறோம். மாலத்தீவில் டைவிங் தொழிலே அந்த ஒரு கணக்கில்தான் ஓடுகிறது.

அட்டோல் என்றால் வளையமாக ஒரு பார், நடுவில் உள்கடல். வளையத்தில் அங்கங்கே வாய்க்கால்கள் திறந்திருக்கும், அவற்றை அவர்கள் கண்டு என்பார்கள். வாடைக்காலத்தில் வெளிக்கடல் நீர் கிழக்கிலிருந்து இந்தக் கண்டுகள் வழியே உள்ளே பாயும். அது ஆழ்கடலின் சுத்தமான தண்ணீர், முப்பது மீட்டர் தள்ளி நிற்கிறவனின் முகம் தெரியும். சுறாக்கள் அந்த வாய்களில்தான் நிற்கும். உள்கடலில் சேர்ந்த நுண்ணுயிர்ச் சத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு அதே தண்ணீர் மேற்குப் பக்கம் வெளியேறும். கலங்கலாக இருக்கும், ஆனால் கொம்புத் திருக்கைக்குச் சாப்பாடு அங்கேதான். கச்சான் காலம், அதாவது தென்மேற்குக் காற்றுக்காலம், வந்தால் எல்லாம் தலைகீழ், திருக்கை கிழக்கே வந்துவிடும். காற்று எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும், எந்த மீன் எங்கே என்று அந்த ஊர்க்காரன் சொல்லிவிடுவான்.

வாவு அட்டோலில் மியாரு கண்டு என்று ஓர் இடம். விடிகாலை. ஜாக்கெட்டில் துளிக் காற்றில்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்து நேராகக் கீழே போகவேண்டும். மேலே தயங்கி நின்றால் நீவாடு உன்னை வாய்க்காலைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும். போகப் போக மூக்கைப் பிடித்து ஊதிக் காதுகளைச் சரிசெய்துகொண்டே இறங்கவேண்டும். பத்து மீட்டரிலேயே அழுத்தம் இரண்டு மடங்கு, முப்பதில் நான்கு மடங்கு. அதனால் மேலே ஒரு மூச்சுக்குச் செலவாகிற காற்றைப் போல நான்கு பங்கு காற்று அங்கே சிலிண்டரிலிருந்து போகும். முப்பது மீட்டருக்குக் கீழே பொழுதுபோக்கு டைவர்கள் போகக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம்.

கண்டுவின் உதடு என்று ஒரு விளிம்பு இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்ததும் இடுப்பில் கட்டியிருக்கிற கொக்கியை எடுத்து உயிரில்லாத பாறையாகப் பார்த்து மாட்டி, கயிற்றை விட்டு, ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்றை ஏற்றினால், பட்டம் போல அந்தரத்தில் நிற்கலாம். கண்ணாடியை முகத்திலிருந்து பிடுங்குகிற இழுப்பு. தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் ரெகுலேட்டரே அதிரும். எதிரே, கைக்கெட்டாத ஒரு தூரத்தில், சாம்பல் சுறாக்கள். வாலைக்கூட ஆட்டவில்லை. அத்தனை வேகமாக வருகிற தண்ணீரில் ஒரு சுறா உடம்பை லேசாகச் சாய்த்து, அப்படியே நின்ற இடத்தில் நிற்கிறது. கண்ணின் மேல் சவ்வு ஒரு தடவை மூடித் திறந்ததைப் பார்த்தேன். அதன் செவுள் வெட்டுகள் ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒன்றில் பழைய தூண்டில் கிழித்த வடு.

அந்த நாட்டில் 2010ல் சுறா பிடிப்பதை முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முன் துடுப்புக்காகவும் எண்ணெய்க்காகவும் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். தோணிப் பலகைக்குப் பூச அவர்களும் நம்மைப் போலவே சுறா எண்ணெய்தான் வைத்திருந்தார்களாம். உயிரோடு நிற்கிற சுறாவைப் பார்க்க வருகிறவன் கொடுக்கிற காசு, அறுத்த சுறாவின் காசைவிட அதிகம் என்று கணக்குப் போட்டதும் தடைக்கு ஒரு காரணம். அன்பினால் வந்த சட்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேலை செய்கிறது.

எனக்குப் பிடிக்காததையும் எழுதிவிடுகிறேன். அதே அட்டோலில் ஒரு படகுத்துறைக்கு அடியில் ராத்திரி டைவ். நர்ஸ் சுறாக்கள் டஜன் கணக்கில் வந்து மேலே உரசும், விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் கூத்தாடுவார்கள். வருஷக்கணக்காக மீன் கழிவைக் கொட்டிப் பழக்கிய கூட்டம் அது. கூட வந்தவர்கள் அதைத்தான் பயணத்தின் உச்சம் என்றார்கள். எனக்குக் கோயில் வாசல் யானையைப் பார்த்த உணர்வுதான் வந்தது. தெற்கு ஆரி அட்டோலில் மாமிகிலி பக்கம் திமிங்கலச் சுறா இன்னொரு கதை. அந்தக் கடற்பகுதி 2009லிருந்து பாதுகாக்கப்பட்டது, தொடக்கூடாது, வழிமறிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் ஒரு நிழல் தெரிந்தவுடன் நாலு திசையிலிருந்தும் படகுகள் பாய்கின்றன, ஆட்கள் தலைக்குமேல் தலையாகக் குதிக்கிறார்கள். ஒருத்தன் காலில் மாட்டியிருந்த ஃபின் என் தாடையில் பட்டது. இரண்டாவது சுற்றுக்கு நான் குதிக்கவில்லை, தோணியிலேயே உட்கார்ந்து தேங்காய்ச் சில்லு தின்றேன்.

திருக்கைக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ரங்காலி பக்கம் மடிவாருவில் ஒரு பாறை இருக்கிறது, குட்டி மீன்கள் அங்கே அழுக்கெடுக்கும் கடை நடத்துகின்றன. நாம் கீழே மணலை ஒட்டி, முழங்கால்கூடப் படாமல், அசையாமல் கிடந்தால் திருக்கை தானாக வந்து தலைக்கு மேல் சுற்றும். பன்னிரண்டு அடி, பதினான்கு அடி அகலம். வயிற்றில் இருக்கிற கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, நம் கைரேகை கணக்கு. அதைப் படம் எடுத்துப் பேர் வைத்துப் பதிவேடு எழுதுகிற ஆராய்ச்சிக்காரர்கள் இருக்கிறார்கள். குமிழியை அதிகம் விட்டால் கிளம்பிவிடும். ஆகவே மூச்சை மெல்ல விடத் தெரிந்தவனுக்குத்தான் அதிக நேரம் காட்சி.

பவளத்தைப் பற்றிக் கேட்டாய். கேட்காமல் இருந்திருக்கலாம். 1998ல் கடல் சூடேறியபோது அங்கே ஆழம் குறைந்த இடங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பவளம் செத்தது. தண்ணீர் வழக்கமான கோடை உச்சத்தைத் தாண்டி ஒரு டிகிரி சூடு ஏறி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் தனக்குச் சோறு போடுகிற பாசியை வெளியே தள்ளிவிடும், பிறகு பட்டினிதான். மெல்லத் தழைத்து வந்தது, 2016ல் மறுபடி அடி. இப்போது முழங்கால் உயரச் சல்லிக்குவியல்களுக்கு மேல் நீந்துகிறோம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் புதிதாக முளைத்தது இருக்கும். ஆழத்துப் பாறைகளின் அடியில் மட்டும் மென்பவளம் மஞ்சளாக, ஊதாவாகத் தொங்குகிறது, அதுவும் டார்ச் அடித்தால்தான் நிறம் தெரியும், சிவப்பு முதலில் செத்துப்போகிற ஆழம் அது. நம் மன்னார் வளைகுடாவில் வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி, 21 தீவில் இரண்டு தண்ணீருக்குள் போனதை நாம் பார்த்தவர்கள். அவர்களும் வெட்டியவர்கள்தான். மாலேயில் 1658ல் கட்டிய ஹுகுரு மிஸ்கி பள்ளிவாசலின் சுவர் முழுக்கப் பவளக்கல். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லைக் கல்லோடு செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். கடைசி டைவுக்குப் பிறகு 24 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பதால் கிடைத்த பொழுதில் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். ரத்தத்தில் ஏறிய நைட்ரஜன் இறங்கவேண்டும், அதற்காகத்தான் அந்த ஒரு நாள்.

இந்த நைட்ரஜனுக்காகவே படகில் நைட்ராக்ஸ் என்று ஆக்சிஜன் கூட்டிய காற்று கொடுக்கிறார்கள், பெரும்பாலும் 32 சதவீதம். தினமும் மூன்று நான்கு தடவை இறங்குகிறவனுக்கு அது நல்லது. ஆனால் ஒவ்வொருத்தனும் தன் சிலிண்டரைத் தானே கருவி வைத்து அளந்து, எண்ணை டேப்பில் எழுதி ஒட்டி, நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். அடுத்தவன் அளந்ததை நம்பி இறங்கக்கூடாது. ஏறும்போதும் அவசரம் கூடாது, ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றுதான் தலையை வெளியே நீட்டவேண்டும். கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு சங்குக்கு இறங்கி, மேலே வந்து கை கால் இழுத்துக்கொண்ட ஆட்களை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோமே. அவர்களிடம் இந்த மூன்று நிமிஷக் கணக்கை யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் என்று தோன்றாமல் இல்லை.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய். காலையில் மாஸ் ஹுனி: சூரை மீனை உதிர்த்து, தேங்காய், வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்தது, கூட மெல்லிய ரொட்டி. மத்தியானம் கருதியா என்கிற சூரைச் சாறு, சோற்றில் விட்டுக்கொள்ள. சமையல்காரர் நீர்கொழும்புக்காரர், நல்ல தமிழ். மாசிக் கருவாட்டுச் சம்பல் வேண்டும் என்று நான் கேட்டதும் அம்மியில்லாமல் எப்படி என்று அரைமணி நேரம் அங்கலாய்த்துவிட்டு, உலக்கைக்குப் பதிலாகப் பாட்டிலின் அடியால் இடித்துக் கொடுத்தார். அங்கே சூரையை வலை போடாமல் தூண்டிலில் ஒவ்வொன்றாகத்தான் தூக்குகிறார்கள்.

இனி உன் விஷயம். வரவேண்டும் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் நேரே இந்தப் படகில் ஏறிவிடலாம் என்று நினைக்காதே. அந்த நீவாட்டில் புதியவனுக்கு வேலை இல்லை, அவனுக்கும் பயம், கூட வருகிறவனுக்கும் தலைவலி. முதலில் புதுச்சேரியில் கற்றுக்கொள். பிறகு அந்தமானில் ஹேவ்லாக்கில் கொஞ்சம் இறங்கு. தண்ணீரில் கை காலை ஆட்டாமல் ஓரிடத்தில் நிற்க வரட்டும், அதன்பிறகு மாலத்தீவு. உனக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டியதில்லை, அடங்கி நிற்கத்தான் சொல்லித்தர வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே வராத பாடம் அது உனக்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டு. உங்கப்பாவுக்குக் கடைசியில் காது மந்தமானது நினைவிருக்கட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லி, இறங்கலாம் என்று எழுத்தில் வாங்கு. மதினி சம்மதிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், நான் பேசுகிறேன்.

மாசிக் கருவாடு இரண்டு கிலோ வாங்கி வந்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன், பாதி உனக்கு, பாதி உன் அக்காவுக்கு. முழுவதையும் நீயே அமுக்கிவிடாதே. டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் உடனே ஒரு வரி எழுது, புதுச்சேரிக்காரரிடம் மாசி மாதம் முடிந்ததும் இடம் சொல்லி வைக்கவேண்டும்.

உன்
குமார்